மெடிட்டரேனியன் ஊருக்குப் போனா பீச்சை விடுங்க, மீன்பிடித் துறைமுகத்தைப் பாருங்க

1/
"டாக்டர், மெடிட்டரேனியன் டயட் ஹார்ட்டுக்கு நல்லதாமே, எந்த ஆலிவ் ஆயில் வாங்கலாம்?"

ஓபியில் வாரம் ஒருத்தராவது கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு யூடியூப் வீடியோ இருக்கும்.

ஆலிவ் ஆயிலை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த டயட் ஒரு பாட்டிலுக்குள் இல்லை மக்களே. அது எங்கே இருக்கிறது, ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது என்று எனக்குப் புரிந்த இடம் ஸ்பெயினில் இருக்கும் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம்.

நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

2/
ஊர் பெயர் பாலமோஸ்.

ஸ்பெயினின் வடகிழக்கில் கட்டலோனியா, அதில் கோஸ்டா பிராவா கடற்கரை. பார்சிலோனாவில் இருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ரயில் கிடையாது, பேருந்துதான்.

1279இல் அரசரின் துறைமுகமாக உருவாக்கப்பட்ட ஊர். ஒரு காலத்தில் கார்க் ஏற்றுமதியால் வாழ்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1960 முதல் 1962 வரை கோடைகளில் இங்கே தங்கித்தான் தன் புகழ்பெற்ற கொலை வழக்கு நூலை எழுதினார்.

டூர் கைடுகள் இந்தக் கதையையும் நீலக் கடலையும் காட்டுவார்கள். தப்பில்லை.

ஆனால் போன செப்டம்பரில் நான்கு நாட்கள் அங்கே இருந்த எனக்கு மனதில் நின்றது கடற்கரை இல்லை. மாலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் நடக்கும் ஏலம்தான்.

3/
அந்த ஏலம் எப்படி நடக்கும்?

இழுவலைப் படகுகள் காலையில் கிளம்பும். மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத் திரும்பும். மேலே கூச்சல் போடும் கடற்பறவைக் கூட்டம். கரைக்கு வரும்போதே ரகம் பிரித்து, அளவு பிரித்து, பெட்டியில் அடுக்கி, ஐஸ் போட்டு முடித்திருப்பார்கள்.

பெட்டிகள் நகரும் பெல்ட்டில் வரும். மேலே திரையில் படகின் பெயர், மீனின் பெயர், எடை, விலை.

நாம் பார்த்துப் பழகிய ஏலத்தில் விலை ஏறும். இங்கே விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். யார் முதலில் கையில் உள்ள ரிமோட் பட்டனை அமுக்குகிறாரோ அவருக்கு அந்தப் பெட்டி.

சத்தம் இல்லை. "எனக்குத் தெரிந்த வியாபாரிக்கு ஒரு விலை, உனக்கு ஒரு விலை" என்பது இல்லை. எந்தப் படகு எவ்வளவு கொண்டு வந்தது, என்ன விலைக்குப் போனது, எல்லாமே கணக்கில் ஏறிவிடும்.

ஏலத்தை நடத்துவது மீனவர்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. கொன்ஃப்ராரியா என்பார்கள். பக்கத்திலேயே 2002இல் திறந்த மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் மேலே நின்று ஏலத்தைப் பார்க்கவும் வசதி உண்டு.

4/
ஒரு விஷயம் முக்கியம். சனி, ஞாயிறு போனால் ஒன்றும் பார்க்க முடியாது.

ஏன்?

லீவு!

இழுவலைப் படகுகள் வாரத்துக்கு ஐந்து நாள்தான் கடலுக்குப் போகலாம் என்பது சட்டம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கடலில் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

டூரிஸ்டுகள் குவிவது வார இறுதியில். இறாலுக்கு டிமாண்ட் எகிறுவதும் அப்போதுதான். இருந்தாலும் படகு கட்டியே கிடக்கும்.

டிமாண்டைப் பார்த்து ஓடாமல், வேலை செய்பவனின் முதுகையும் கடலின் கையிருப்பையும் பார்த்து நிற்கிற ஒரு தொழில். எனக்கு அங்கே முதலில் பிடித்தது இந்த "நிற்கிற" பழக்கம்தான்.

5/
பாலமோஸ் என்றால் உலகம் அறிந்தது ஒரே ஒரு பொருள். சிவப்பு இறால்.

அறிவியல் பெயர் அரிஸ்டியஸ் ஆன்டென்னாட்டஸ். சமைக்காமல் பச்சையாக இருக்கும்போதே செக்கச் சிவப்பாக இருக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், ஊருக்கு எதிரே கடலுக்கடியில் இருக்கும் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் சரிவுகளில் வாழும்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் பெரிய இறால் சில்லறைக் கடையில் கிலோ 100 யூரோவைத் தாண்டுவதும் உண்டு.

இவ்வளவு விலை போகும் பொருளை என்ன செய்வார்கள்? தோண்டித் தோண்டித் தீர்ப்பார்கள். மனித இயல்பு அதுதானே.

இங்கேயும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டு இருந்தது.

6/
2012இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதே பள்ளத்தாக்கைப் பற்றியது.

பல பத்தாண்டுகளாக இழுவலைகள் உரசி உரசி, கடலுக்கடியில் இருக்கும் சரிவின் உருவமே மாறிவிட்டது என்றார்கள். கரடுமுரடாக இருந்த சரிவு, உழுது சமப்படுத்திய வயல் போல மழுங்கிப் போயிருந்தது.

அடுத்த ஆண்டே, 2013இல், பாலமோஸ் சிவப்பு இறாலுக்கு என்று தனியாக ஒரு மேலாண்மைத் திட்டம் வந்தது. குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் பிடிக்கத் தடை. குஞ்சு தப்பிக்கும் விதத்தில் வலைக்கண் விதி. படகு எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு.

இதில் நான் கவனித்தது, அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதிய திட்டம் இல்லை இது. மீனவர் அமைப்பும் கடல் ஆராய்ச்சியாளர்களும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்டது. கட்டலோனியாவில் இந்த மாதிரி கூட்டு மேலாண்மைக்கு 2018இல் தனி அரசாணையே வந்துவிட்டது.

7/
ஒரு டாக்டராக இதை எனக்கு எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது.

சுகர் நோயாளியிடம் "நாளையிலிருந்து சோறே கூடாது" என்று எழுதிக் கொடுத்தால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். வேறு டாக்டரிடம் போவார். அல்லது எந்த டாக்டரிடமும் போகமாட்டார்.

"எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, வேலை என்ன?" என்று கேட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டு அளவைக் குறைத்தால் கேட்பார்.

கட்டுப்பாட்டுக்கு உட்படுபவனையும் சேர்த்துக்கொண்டு போட்ட கட்டுப்பாடுதான் நிற்கும். மருந்துக்கும் இதே கதை, மீனுக்கும் இதே கதை.

8/
அதனால்தான் 2024 டிசம்பரில் நடந்தது இந்த ஊர்களை உலுக்கியது.

மேற்கு மெடிட்டரேனியனில் இழுவலைப் படகுகளின் கடல் நாட்களைப் படிப்படியாகக் குறைக்க ஐரோப்பிய யூனியன் 2019இல் சட்டம் போட்டிருந்தது. ஆண்டுக்காண்டு நாட்கள் குறைந்து வந்தன. 2025ஆம் ஆண்டுக்கு வந்த முன்மொழிவைப் பார்த்து மீனவர்கள் அதிர்ந்து போனார்கள். ஸ்பெயின் படகுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 27 நாள்!

27 நாள் வேலை செய்து 365 நாள் சாப்பிட முடியுமா?

போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தது. கடைசியில், பெரிய கண் உள்ள வலைக்கு மாறுவது போன்ற மாற்றங்களைச் செய்பவர்களுக்கு நாட்களைத் திருப்பிக் கொடுப்பது என்று சமரசம் ஆனது.

9/
இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடல் நோயாளியாக இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. மெடிட்டரேனியன் மீன்வள ஆணையத்தின் 2023 அறிக்கைப்படி, ஆய்வு செய்யப்பட்ட மீன் கூட்டங்களில் 58 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. முன்பு இருந்ததைவிட இது முன்னேற்றம்தான். ஆனால் பாதிக்கு மேல் இன்னும் காய்ச்சலில்தான் இருக்கிறது.

அதனால் "எங்களை விட்டுடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்பதை ஏற்க முடியாது.

அதே நேரம் பல ஆண்டுகள் எடுத்துவந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் நோயாளி சுருண்டு விழுவார். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது எம்பிபிஎஸ் மாணவனுக்கும் தெரியும். ஒரு துறைமுகமும் அப்படித்தான். படகு நின்றால் ஐஸ் பிளான்ட், வலை தைப்பவர், மெக்கானிக், ஏலக்கூடம் என்று எல்லாம் நிற்கும். ஒருமுறை மூடிய ஏலக்கூடம் மறுபடி திறப்பது கஷ்டம்.

வரம்பு வேண்டும். அது மீனவரைக் கரையிலேயே சாகடிக்கும் வரம்பாக இருக்கக் கூடாது.

10/
இப்போ என் துறைக்கு வருகிறேன். அந்த ஊரில் என்னை உண்மையிலேயே பொறாமைப்பட வைத்த விஷயம் இது.

ஸ்பெயினில் கடல் தொழிலாளிகளுக்கு என்று தனி சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. கடல்சார் சமூக நிறுவனம் என்று சொல்லலாம். இது அரசு அமைப்பு.

அது என்ன செய்கிறது?

படகில் ஏறும் முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். தகுதிச் சான்று இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கரையில் இருந்து எவ்வளவு தூரம் போகும் படகு என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்று வகை மருந்துப் பெட்டி. எந்தப் படகில் எது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மாட்ரிட்டில் 24 மணி நேர வானொலி மருத்துவ மையம். நடுக்கடலில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் டாக்டரிடம் பேசலாம். இலவசம். பெட்டியில் இருக்கும் எந்த மருந்தை எடுக்க வேண்டும், படகைத் திருப்ப வேண்டுமா, ஹெலிகாப்டர் வேண்டுமா என்று அவர் சொல்வார்.

11/
இன்னொன்று, ஓய்வு வயது.

கடலில் கழித்த ஆண்டுகளின் கணக்குப்படி, மீனவருக்கு ஓய்வு வயது பத்து ஆண்டு வரை முன்னதாகவே வரலாம்.

ஏன் என்று புரியாதவர்கள் ஒரு மீனவரின் உடம்பைப் பரிசோதித்துப் பார்த்தால் போதும். இன்ஜின் இரைச்சலில் போன காது, கயிறு இழுத்துத் தேய்ந்த தோள், ஆடும் தளத்தில் நின்று நின்று போன முழங்கால், வெயிலில் தடித்த தோல், உப்புநீரில் ஆறாத கைப் புண்.

உலகின் ஆபத்தான தொழில்களில் ஒன்று மீன்பிடி என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பே சொல்கிறது. மீன்பிடி வேலைக்கான அதன் 2007 ஒப்பந்தமும் மருத்துவச் சான்று, ஓய்வு நேரம் இரண்டையும் வலியுறுத்துகிறது.

55 வயதில் அந்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பது சலுகை இல்லை. நியாயம்.

12/
எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.

உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்கு வர விரும்புவதில்லை. கட்டலோனியப் படகுகளில் இன்று மொராக்கோ, செனகல் போன்ற நாடுகளில் இருந்து வந்தவர்கள் நிறைய பேர்.

சம்பளம் பங்கு முறையில். விற்ற பணத்தில் பொதுச் செலவு போக மீதியில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. டீசல் விலை ஏறினால் எல்லோர் பங்கும் குறையும். மீன் படாத நாளில் வருமானமும் படாது.

நாம் போட்டோ எடுக்கும் அழகான படகுக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டு இருக்கிறது.

13/
சரி டாக்டர், டயட் பற்றிச் சொல்றேன்னீங்களே?

வர்றேன்.

மெடிட்டரேனியன் உணவுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. ஸ்பெயினிலேயே செய்த பிரெடிமெட் ஆய்வு, 7,447 பேர். 2013இல் வெளியானது. சிலருக்குக் குழு பிரித்த முறையில் குறை கண்டுபிடித்து, 2018இல் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

அதில் அவர்கள் வைத்த 14 கேள்விப் பட்டியல் சுவாரசியமானது. வாரம் மூன்று முறை பருப்பு, பயறு. வாரம் மூன்று முறை மீன். தக்காளி, வெங்காயம், பூண்டை ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வதக்கிய அடிமசாலாவில் செய்த உணவு வாரம் இரண்டு முறை.

"பூண்டு வெங்காயம் தக்காளி வதக்கணும்" என்று ஆய்வுப் பட்டியலில் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்ம வீட்டு அடுப்படியில் தினமும் நடப்பதுதானே!

14/
அந்தப் பட்டியலில் மீன் என்று இருக்கிறது. 100 யூரோ இறால் என்று இல்லை.

மெடிட்டரேனியன் மக்களை வளர்த்தது விலை உயர்ந்த இறால் கிடையாது. மத்தி, நெத்திலி, அயிலை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுருக்குவலை போட்டுப் பிடித்து, காலையில் கரைக்கு வரும் சின்ன மீன்கள். ஒமேகா 3 இவற்றில்தான் அதிகம். உணவுச் சங்கிலியில் கீழே இருப்பதால் பாதரசமும் குறைவு.

மீனவரின் உணவு என்றால் அங்கே சுக்கெட் என்ற குழம்பு. விற்க முடியாத மீனையும் உருளைக்கிழங்கையும் போட்டுக் கொதிக்க வைத்து, கடைசியில் பாதாம், பூண்டு, ரொட்டித்துண்டு இடித்துச் சேர்ப்பார்கள். ஏலத்தில் போகாத மீன் படகிலேயே குழம்பாகும்.

இன்று அதே சுக்கெட் ஹோட்டலில் பெரிய விலைக்கு விற்கிறது. காலத்தின் கோலம்.

15/
கவலையான செய்தியும் உண்டு.

ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ். மெடிட்டரேனியன் உணவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்தாக 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க வைத்த நாடுகளில் இந்த மூன்றும் உண்டு. ஐரோப்பாவில் குழந்தைகளின் உடல் பருமன் மிக அதிகமாக இருக்கும் நாடுகளிலும் இதே மூன்றும் உண்டு!

ஸ்பெயினில் வீட்டில் மீன் சமைப்பது ஆண்டுக்காண்டு குறைகிறது. முள் எடுக்க நேரம் இல்லை, வீடு நாறும், விலை அதிகம் என்று காரணங்கள். அந்த இடத்தில் பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமும் வந்து உட்காருகின்றன.

ஆக, டூரிஸ்ட் இறால் தின்கிறார், உள்ளூர்க் குழந்தை சிப்ஸ் தின்கிறது. மத்தியை வாங்க ஆள் இல்லை.

துறைமுகத்தின் உண்மையான வியாதி இதுதான் என்பது என் கருத்து. ஒரே ஒரு விலை உயர்ந்த பொருளை நம்பி நிற்கும் துறைமுகம், ஒரே நாளத்தை நம்பி ஓடும் இதயம் மாதிரி. அது அடைத்தால் எல்லாம் நின்றுவிடும்.

16/
பாலமோஸ்காரர்களுக்கு இது தெரியும். துறைமுகத்திலேயே "மீனின் இடம்" என்று பொருள்படும் ஒரு சமையற்கூடம் வைத்திருக்கிறார்கள். அங்கே விலை குறைந்த, பெயர் தெரியாத மீன்களை எப்படிச் சமைப்பது என்று செய்து காட்டி, சாப்பிடவும் கொடுக்கிறார்கள்.

ஒரு வலையில் பத்து ரகம் ஏறும். பத்தில் ஒன்றை மட்டும் வாங்கினால் மீதி ஒன்பதுக்கு விலை இல்லை. பத்தையும் வாங்கினால், குறைவாகப் பிடித்தும் மீனவர் பிழைக்கலாம்.

இது பொருளாதாரப் பாடம் மட்டும் இல்லை. பலவகை மீன் சாப்பிடுங்கள் என்பது நான் ஓபியில் சொல்லும் பாடமும்தான்.

17/
இனி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு டாக்டராகச் சில குறிப்புகள்.

முதலில் ஒவ்வாமை. ஐரோப்பிய யூனியன் முழுக்க 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மீன், இறால் நண்டு வகை, சிப்பி கணவாய் வகை என மூன்றும் தனித்தனியாகப் பட்டியலில் உண்டு. தயங்காமல் கேளுங்க.

அதே பட்டியலில் சல்பைட்டும் உண்டு. இறால் தலை கறுக்காமல் இருக்கப் போடுவார்கள். அளவோடு போட அனுமதி இருக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு வீசிங்கைத் தூண்டிவிடும். இன்ஹேலர் ரூமில் இருக்கக் கூடாது, பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

18/
அடுத்து, புழு.

அனிசாகிஸ் என்ற புழு, நெத்திலி, ஹேக் போன்ற கடல் மீன்களில் இருக்கும். பச்சையாகச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, வாந்தி வரலாம். சிலருக்கு அலர்ஜியும் வரும்.

வினிகரில் ஊறவைத்த நெத்திலி ஸ்பெயினில் பிரபலம். வினிகரும் எலுமிச்சையும் புழுவைக் கொல்லாது. ஃப்ரீசிங்தான் கொல்லும். அதனால் பச்சையாகவோ அரைப் பச்சையாகவோ பரிமாறும் மீனை உணவகங்கள் முன்கூட்டியே உறைய வைக்க வேண்டும் என்று 2006இல் இருந்தே அங்கே சட்டம்.

வாடகை வீட்டில் தங்கி நீங்களே சமைக்கிறீங்கன்னா கவலை இல்லை. மீனின் நடுப்பகுதி வரை 60 டிகிரி சூடு ஒரு நிமிடமாவது போனால் போதும். நம்ம குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கும்.

19/
மீன் சாப்பிட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் சூடு என்றால்?

"எனக்கு மீன் அலர்ஜி வந்துடுச்சு" என்று வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடாதீங்க. அது ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம். சூரை, அயிலை, மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியா ஹிஸ்டமினை உற்பத்தி செய்யும். அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் அது போகாது.

துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் ஐஸ் கொட்டுவதை நான் மெய்மறந்து பார்த்தது இதனால்தான். அந்த ஐஸ் மருந்துக்குச் சமம்.

எதுவானாலும் மூச்சுத்திணறல், தலைசுற்றல், நாக்கு வீக்கம் வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். 112 என்ற எண்ணுக்கு அழைங்க. ஐரோப்பிய யூனியன் முழுக்க இலவச அவசர எண்.

20/
கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள், இவர்கள் வாள்மீன், பெரிய நீலத்துடுப்புச் சூரை, சுறா போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது ஸ்பெயின் உணவுப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. காரணம் பாதரசம்.

இறால் தலையை உறிஞ்சுவது அங்கே ஒரு கலை. ருசியும் அதில்தான் என்பார்கள். ஆனால் காட்மியம் என்ற உலோகம் சேர்வதும் தலையில்தான். அதே அமைப்பு, தலையை வழக்கமாக உறிஞ்சுவதைக் குறைக்கச் சொல்கிறது. டூர் போன இடத்தில் ஒருநாள் ருசி பார்த்தால் ஒன்றும் குடி முழுகாது. தினமும் வேண்டாம்.

கொலஸ்ட்ரால் பயத்தில் இறாலையே தொடாதவர்களுக்கு: இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதை வெண்ணெயில் முக்கி எடுப்பதுதான் பிரச்சனை.

21/
கடலில் இறங்குபவர்களுக்கு ஒன்று.

மணலுக்குள் புதைந்து கிடக்கும் வீவர் என்ற சின்ன மீன் அங்கே உண்டு. மிதித்தால் முதுகு முள் குத்தி உயிர் போகும் வலி வரும். ஐஸ் வைக்காதீங்க. அந்த நஞ்சு சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய வெந்நீரில், 40 முதல் 45 டிகிரி, காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்கணும். வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. அதனால் முதலில் மற்ற காலை வைத்துப் பாருங்க. சுகர் நோயாளிகளுக்கு வேறு யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்லணும்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுக்கிறோம் இல்லையா? அந்த பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைங்க. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைங்க.

22/
வாங்கும்போது லேபிளைப் படிங்க. ஐரோப்பிய யூனியனில் மீன் விற்கும் கடையில், மீனின் வணிகப் பெயர், அறிவியல் பெயர், பிடித்த கடல் பகுதி, வலை வகை, உறைய வைத்து உருக்கியதா என்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

கடல் பகுதி எண் 37 என்றால் மெடிட்டரேனியன், கருங்கடல். 41 என்றால் தென்மேற்கு அட்லாண்டிக். அர்ஜென்டினா இறாலும் பச்சையாகவே சிவப்பாக இருக்கும், விலை குறைவு. அது மோசமான இறால் இல்லை. ஆனால் அதை பாலமோஸ் இறால் விலைக்கு வாங்கி ஏமாற வேண்டாமே!

நம்ம மருந்து அட்டையில் காலாவதி தேதி பார்ப்பது போல இதையும் ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

23/
கடைசியாக ஒரு வேண்டுகோள்.

வேலை செய்கிற துறைமுகம் என்பது செட் போட்ட சினிமா இல்லை. நம்ம வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது யாராவது நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான். கயிற்றைத் தாண்டாதீங்க. ஃபோர்க்லிஃப்ட் வரும் பாதையில் குழந்தையை விடாதீங்க. மீனவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் முன் கேளுங்க.

வாரநாளில் போங்க. ஏலம் பாருங்க. அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுங்க. இறால் ஆசை இருந்தால் ஒரு தட்டு வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கோங்க. வயிறு நிறைய மத்தி சாப்பிடுங்க. இன்று ஏலத்தில் விலை போகாத மீன் எது என்று கேட்டு அதையும் ஒருமுறை ருசி பாருங்க.

24/
சுருக்கமாகச் சொன்னால்:

மெடிட்டரேனியன் உணவு என்பது எண்ணெய் பாட்டில் இல்லை. சின்ன மீன், பயறு, காய்கறி, வீட்டுச் சமையல்.

அந்த மீன் தட்டுக்கு வர, ஒருவர் கடலுக்குப் போக வேண்டும். அவர் போய்வர உடம்பு நன்றாக இருக்க வேண்டும். அதற்கு லீவு, மருத்துவப் பரிசோதனை, நடுக்கடலில் பேச ஒரு டாக்டர், தேய்ந்த உடம்புக்கு ஓய்வூதியம் எல்லாம் வேண்டும்.

அவர் பிடிக்க நாளைக்கும் மீன் இருக்க வேண்டும். அதற்கு இன்று கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் மட்டும் இல்லை, சாப்பிடும் நாமும்தான்.

வெறும் மீன் விற்கும் இடமாக மட்டும் இருந்திருந்தால் பாலமோஸ் எப்போதோ ஹோட்டல்களும் உல்லாசப் படகுகளும் மட்டும் இருக்கும் ஊராக மாறியிருக்கும். "இவ்வளவு போதும்" என்று சொல்லத் தெரிந்ததால்தான் அங்கே இன்றும் மாலை ஐந்து மணிக்குப் படகு வருகிறது.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, டியூட்டி முடிந்து பதில் சொல்றேன்.